கண்ணாடி விரியன் விஷமும் உறைய மறுத்த ரத்தமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மூன்று வாரத்துக்கு முன்னால், சாயங்காலம் கடலைக் காட்டில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து வைத்துப் பார்த்து, “உறைகிறது, விஷம் ஏறவில்லை” என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து இன்னொரு 10 குப்பி ஏற்றினார்கள். முதல் 10 வேலை செய்யவில்லையா? இந்த விஷத்தை ஒரு சொட்டு விட்டதும் ரத்தம் கட்டியாகிவிடுவதை வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் அப்பாவுக்கு ஏன் ரத்தம் நிற்காமல் போனது? இதயத்துக்காக அவர் தினமும் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்பச் சோர்வாக இருக்கிறார். விஷம் ரத்தத்தில் தங்கியிருக்குமா?

பதில்: வீடியோவும் உண்மை, உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் உண்மை. இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பவை. அது பிடிபட்டுவிட்டால் ஆறு மணி நேரக் கணக்கும், இரண்டாவது 10 குப்பியும் தானாக விளங்கிவிடும்.

நம் ரத்தத்தில் உறைதலுக்கான புரதங்கள் (காரணிகள் என்று எண் போட்டு அழைப்பார்கள்) எப்போதும் தூங்கும் நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்காவது வெட்டுப்பட்டால் ஒன்று அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். கடைசியில் த்ராம்பின் என்ற நொதி உருவாகி, கரைந்த நிலையில் இருக்கும் ஃபைப்ரினோஜனை வெட்டி நூலாக்கும். அந்த நூல்கள் வலையாகப் பின்னிக்கொண்டு ரத்தத்தை அடைக்கும். எழுப்புவது என்றால் வேறொன்றும் இல்லை, புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

கண்ணாடி விரியன் விஷத்தில் அந்த வெட்டைத் தானே போடும் இரண்டு நொதிகள் இருக்கின்றன. ஒன்று பத்தாம் காரணியை வெட்டுகிறது, இன்னொன்று ஐந்தாம் காரணியை. பத்தாம் காரணியை வெட்டும் நொதியின் அமைப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அது மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. கனமான சங்கிலி துத்தநாக அணு ஒன்றை வைத்துக்கொண்டு வெட்டும் வேலையைச் செய்கிறது. இலேசான இரண்டு சங்கிலிகளும் கால்சியத்தின் துணையோடு பத்தாம் காரணியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கின்றன. பிடித்த இடத்தில் வெட்டு விழுந்து, 52 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு கழன்று விழுகிறது. காயம் பட்டால் நம் உடம்பு எந்த இடத்தில் வெட்டுமோ அதே இடம். அதனால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, உண்மையான காயம் என்றே எடுத்துக்கொண்டு த்ராம்பினை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். நொதி என்பது கத்தரிக்கோல் மாதிரி, வெட்டுவதால் செலவாகாது. ஒன்றை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். சில மில்லிகிராம் விஷம் முழு உடம்பின் ரத்தத்தையும் கெடுக்க முடிவது இதனால்தான்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தை அசையாமல் வைத்தால் பால் ஒரே கட்டியாக உறையும். உறை ஊற்றிவிட்டு நிறுத்தாமல் கடைந்துகொண்டே இருந்தால் கட்டி சேராது, துணுக்குகளாகப் போகும். வீடியோவில் ரத்தம் கிண்ணத்தில் அசையாமல் நிற்கிறது, விஷம் மொத்தமாக விழுகிறது. உடம்பிலோ ஐந்து லிட்டர் ரத்தம் ஓயாமல் ஓடுகிறது, விஷம் கடிவாயிலிருந்து நிணநீர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. உருவாகும் ஃபைப்ரின் நூல்கள் சேர்ந்து வலையாவதற்குள் பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி அவற்றைக் கரைத்துவிடுகிறது. கரைந்த சிதிலங்கள்தான் ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் என்று பல மடங்கு உயர்ந்து தெரியும். உங்கள் அப்பாவின் அறிக்கையில் அந்த வரி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஒரு பெரியவருடைய உடம்பில் இருக்கும் மொத்த ஃபைப்ரினோஜன் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். பிளாஸ்மா ஏறக்குறைய 3 லிட்டர். ஒவ்வொரு 100 மில்லியிலும் 200 முதல் 400 மில்லிகிராம் வரை. ஆக மொத்தம் 6 முதல் 12 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. விரியனின் நொதி ஓடவிட்ட இயந்திரம் சில மணி நேரத்தில் இதைத் தீர்த்துவிடுகிறது. கூடவே ஐந்தாம், எட்டாம், பத்தாம் காரணிகளும் தீர்ந்துபோகின்றன. அதன் பிறகு ரத்தம் என்பது பால் திரிந்து கட்டி போய்விட்ட தெளிநீர் மாதிரி. அதில் எத்தனை உறை ஊற்றினாலும் தயிர் ஆகாது.

ஆகவே “விஷம் ரத்தத்தை நீர்க்கச் செய்துவிட்டது” என்று ஊரில் சொல்வது பாதி உண்மைதான். நீர்க்கவில்லை. உறைய வைத்தே கையிருப்பைத் தீர்த்துவிட்டது. இதை மருத்துவத்தில் நுகர்வு உறைவுக்கோளாறு என்கிறோம். சொல் வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. மருந்து எது, மருந்தல்லாதது எது என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது.

ரத்தம் நிற்கவில்லையே என்று வைட்டமின் கே ஊசி போடுவதை இன்னும் பார்க்கிறோம். கல்லீரல் காரணிகளைச் சரியாகச் செய்ய முடியாதபோது உதவுவது அது. இங்கே கல்லீரல் நன்றாகத்தான் செய்கிறது, செய்யச் செய்ய விஷம் தின்றுவிடுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினும் பயன் தருவதில்லை. விஷமுறிவு மருந்துக்கு முன்னால் பிளாஸ்மா ஏற்றினால், விஷ நொதிக்குப் புதிதாக இரை போட்டதாகத்தான் ஆகும். ரத்தம் கட்டுவதற்காகச் சில இடங்களில் போடப்படும் ஹீமோகோயாகுலேஸ் ஊசியோ வேறொரு விரியன் இனத்தின் விஷத்திலிருந்தே எடுக்கப்பட்ட நொதி, ஃபைப்ரினோஜனை வெட்டுவதுதான் அதன் வேலையே. ஃபைப்ரினோஜன் வற்றிக் கிடப்பவருக்கு அதைப் போடவே கூடாது.

ரத்தம் உறையாமல் இருப்பது மட்டுமே என்றால் ஈறிலிருந்து தானாக ஏன் கசிய வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விரியன் விஷத்தில் இன்னொரு வகை நொதிகளும் இருக்கின்றன. அவை நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தாங்கும் கொல்லாஜன் படலத்தை அரிக்கின்றன. ஒரு பக்கம் குழாயில் ஓட்டை விழுகிறது, இன்னொரு பக்கம் அடைக்கச் சரக்கு இல்லை. இரண்டும் சேரும்போதுதான் ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம் எல்லாம் கசிகின்றன. மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இனி அந்தக் குழாய்ச் சோதனை. 20 நிமிட முழு ரத்த உறைவுச் சோதனை என்று பெயர். செலவே இல்லாத, சிற்றூரிலும் செய்யக்கூடிய சோதனை. அதனாலேயே அலட்சியமாகச் செய்யப்படுகிறது. சரியான முறை இது: புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் நாளத்திலிருந்து அப்போதே எடுத்த 2 மில்லி ரத்தத்தை விட வேண்டும். அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து, 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது. 20 நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கட்டி குழாயோடு ஒட்டி நின்றால் உறைந்தது. ரத்தம் ஓடினால் உறையவில்லை. இந்தப் பக்கம் கடித்தது விரியன் என்பதற்கு அது ஒன்றே போதுமான சான்று, பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

எங்கே தவறுகிறது? ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான், பன்னிரண்டாம் காரணி கண்ணாடியில் பட்டதும் விழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் குழாயில் அது நடப்பதில்லை, நல்ல ரத்தமும் உறையாமல் கிடக்கும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் இதே கோளாறு. தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து போய்ச் சேரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து ஆட்டிப் பார்ப்பது இன்னொரு தவறு, உறை ஊற்றிய பாத்திரத்தை ஆட்டுவதற்கு அது சமம். பன்னிரண்டாவது நிமிடத்திலேயே சாய்த்துவிடுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கூடவே நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் ரத்தத்தை இன்னொரு குழாயில் வைத்தால் போதும். அது உறைந்து, நோயாளியுடையது உறையவில்லை என்றால் குழாயின் மேல் பழி போட முடியாது.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது இவற்றில் எதுவுமாக இல்லாமலும் இருக்கலாம். கடித்து அரை மணி நேரத்தில் கையிருப்பு இன்னும் தீர்ந்திருக்காது. அந்த நேரத்தில் ரத்தம் உறைவது உண்மையாகவே உறைவதுதான். பிழை சோதனையில் இல்லை, “விஷம் ஏறவில்லை” என்று முடிவு கட்டியதில் இருக்கிறது. ஃபைப்ரினோஜன் 100 மில்லிக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராமுக்குக் கீழே போனால்தான் குழாயில் தெளிவாகத் தெரியும். பாதி தீர்ந்த நிலையை இந்தச் சோதனை தவறவிடும். இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் செய்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், வார்டுகளில் வழக்கம்போல் செய்யப்பட்ட இந்தச் சோதனை, உறைவு கெட்டிருந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேரைத்தான் காட்டிக்கொடுத்தது. ஆகவே முதல் சோதனை உறைந்தால் மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு தடவையும், அதன்பின் 24 மணி நேரம் வரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் திரும்பச் செய்ய வேண்டும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கும் வசதி இருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. “ஒரு தடவை பார்த்தாச்சு” என்று யார் சொன்னாலும், அடுத்தது எத்தனை மணிக்கு என்று கூட இருப்பவர்கள் கேட்கத் தயங்க வேண்டாம்.

பத்துக் குப்பிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், இந்தியாவில் தயாராகும் மருந்தின் 1 மில்லி, 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். குப்பி 10 மில்லி, ஆக ஒரு குப்பிக்கு 6 மில்லிகிராம். ஒரு கண்ணாடி விரியன் சராசரியாக 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல் விஷம் கக்கும். அதனால்தான் முதல் தவணை 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் இதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து அளந்து கொட்டுவதில்லையே. பொடியாக வரும் குப்பியில் 10 மில்லி நீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துப் போகும். பிறகு டிரிப்ஸில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குதிரையின் புரதம் என்பதால் தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிவது போன்ற ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இல்லாமல் தொடங்கவே கூடாது. பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தோலில் சிறிது போட்டு ஒவ்வாமையை முன்கூட்டிப் பார்க்கும் சோதனை எதையும் சரியாகச் சொல்வதில்லை, நேரம்தான் வீண்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. முதல் 10 குப்பி வேலை செய்யவில்லையா? விஷமுறிவு மருந்து நொதியைப் பிடித்துக் கட்டிப்போடும். தீர்ந்துபோன காரணிகளை அது திரும்பத் தராது. அவற்றைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். ரத்தம் மறுபடி உறையும் அளவுக்குச் செய்து முடிக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். மருந்து ஏறி ஒரு மணி நேரத்தில் சோதித்து, உறையவில்லை என்று இன்னும் 10 ஏற்றினால் அது வீண். ஆறு மணி நேரம் கழித்தும் உறையவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்: கல்லீரல் செய்வதை இன்னும் யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். முறிபடாத விஷம் இருந்திருக்கலாம், கடிவாயில் தேங்கியிருந்தது மெல்ல ஏறியிருக்கலாம். அப்போது இரண்டாவது தவணை சரியான முடிவு. ரத்தக் கோளாறுக்கு மொத்தம் 30 குப்பி வரை வழிகாட்டு நெறிகள் அனுமதிக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு 20. ஆறு மணி நேரம் காத்திருந்து, சோதித்து, பிறகு முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த மருத்துவர்கள் தங்கள் வேலையை அறிந்தவர்கள்.

ஒரு விஷயம் இதில் சேரும். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டு விரியனின் விஷத்துக்கு எதிராகச் செய்த மருந்து நாட்டின் வேறு மூலைகளில் அதே வேகத்தில் வேலை செய்யாமல் போவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ரப்பர், காப்பித் தோட்டங்களிலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு நுனி தூக்கிய குட்டைக் குழிவிரியனுக்கு இந்த மருந்து எதிராகவே இல்லை. அதன் கடியிலும் உறைவு கெடும், சிறுநீரகம் கெடும். சமவெளியில் மணலும் கல்லும் உள்ள இடத்தில் கிடக்கும் சுருட்டை விரியன் வேறு வழியில் போகிறது. அதன் எக்காரின் என்ற நொதி, பத்தாம் காரணிக்கெல்லாம் காத்திருக்காமல் நேராகத் த்ராம்பினின் தூங்கும் வடிவமான புரோத்ராம்பினையே வெட்டிவிடும், கால்சியம்கூட வேண்டாம். மருந்து போடாமல் விட்டால் சுருட்டை கடித்தவரின் ரத்தம் ஒரு வாரத்துக்கு மேலும் உறையாமல் இருக்கக்கூடும். வலி குறைந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் ஆறாம் நாள் தலைவலியோடு வருவது இப்படித்தான்.

இதே நொதிகள் ஆய்வகத்தில் நமக்கு வேலையும் செய்கின்றன. 1934-லேயே மேக்ஃபார்லேன், பார்னெட் என்ற இங்கிலாந்து மருத்துவர்கள், ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா உள்ளவர்களின் வெளிக்காயத்தில் கண்ணாடி விரியன் விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். அடிக்கடி கருச்சிதைவு ஆகும் பெண்களுக்கு லூபஸ் உறைவெதிர்ப்பி என்ற எதிர்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று இன்றும் பார்க்கும் சோதனை இந்த விஷத்தை வைத்துத்தான். மாரடைப்பு சிகிச்சையில் ஊசியாகப் போடும் டைரோஃபிபான், சுருட்டை விரியன் விஷத்தில் கிடைத்த ஒரு புரதத்தை முன்மாதிரியாக வைத்து உருவானது.

ஆஸ்பிரினுக்கு வருகிறேன். ஆஸ்பிரின் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது, உறைதல் காரணிகளைத் தொடுவதில்லை. காரணிகளும் இல்லை, பிளேட்லெட்டும் ஒட்டாது என்றால் ரத்தம் நிற்க வழியே இல்லை. அதனால்தான் நிறுத்தினார்கள். மூன்று வாரம் ஆன நிலையில் உறைவு பெரும்பாலும் முழுதாக மீண்டிருக்கும். ஆனாலும் ஐ.என்.ஆர்., பிளேட்லெட் எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு இதய மருத்துவரைக் கேட்டு ஆரம்பியுங்கள். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால் இந்த வாரமே போய்க் கேட்க வேண்டும், தள்ளிப்போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை எதுவும் இப்போதைக்கு வேண்டாம், பாராசிட்டமால் போதும். கடி பட்ட அன்றே வலிக்காக டைக்ளோஃபினாக் ஊசியைப் பிட்டத்தில் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உறையாத ரத்தத்தில் அந்த ஊசி குத்திய இடமே தேங்காய் அளவு வீங்கிவிடும், சிறுநீரகத்துக்கும் கேடு. டெட்டனஸ் ஊசியைக்கூட உறைவு சரியான பிறகுதான் போட வேண்டும். காலை இறுகக் கட்டுவதும் கீறி விடுவதும் ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரே மூச்சில் ஏறும். கீறிய இடம் நிற்காமல் ஒழுகும்.

விஷம் இப்போது அவர் ரத்தத்தில் இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். ஆனால் சோர்வை அலட்சியப்படுத்த வேண்டாம். விஷம் போன பிறகும் அது செய்த சேதம் இரண்டு இடத்தில் நிற்கலாம். ஒன்று சிறுநீரகம். நுண்குழாய்களில் ஃபைப்ரின் அடைத்தது, சிவப்பணுக்கள் சிதைந்தது, ரத்த அழுத்தம் சரிந்தது எல்லாம் அதைப் பாதிக்கும். இப்போதும், மூன்று மாதம் கழித்தும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் பாருங்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், கசிந்த ரத்தத்தாலேயே சோகை இருக்கலாம். மற்றது, பலருக்கும் தோன்றாதது, பிட்யூட்டரி சுரப்பி. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள சுரப்பி, தைராய்டு, அட்ரினல் போன்ற மற்ற சுரப்பிகளை இயக்குவது அதுதான். உறைவு கெட்ட அந்த நாட்களில் அதற்குள் ரத்தம் கசிந்தோ, அதன் குழாய் அடைத்தோ அது செயலிழக்கலாம். கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் இது தென்னிந்தியாவிலும் மியான்மரிலும் பதிவாகியிருக்கிறது. தீராத சோர்வு, எழுந்தால் கிறுகிறுப்பு, பசியின்மை, குளிர் தாங்காமை, முகத்தில் மயிர் குறைவது ஆகியவை அதன் அடையாளங்கள். மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. “வயசாச்சு” என்று விட்டுவிடுவதால்தான் இந்தத் தாமதம்.

ஆகவே இந்த வாரம் காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால், அதோடு தைராய்டுக்கான ஃப்ரீ டி4, டி.எஸ்.எச்., பிறகு சோடியம் எடுத்துக்கொண்டு பொதுமருத்துவரைப் பாருங்கள். டி.எஸ்.எச். மட்டும் எடுத்தால் போதாது. பிட்யூட்டரி கெட்டிருந்தாலும் அது சாதாரணமாகக் காட்டி ஏமாற்றும். கார்ட்டிசாலும் தைராய்டும் இரண்டுமே குறைவாக வந்தால் கார்ட்டிசாலுக்கான மாத்திரையைத்தான் முதலில் தொடங்க வேண்டும், தைராய்டு மாத்திரை அதற்குப் பிறகுதான். மாற்றிச் செய்தால் நிலைமை மோசமாகும். வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு வந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், “மூன்று வாரம் முன்னால் கண்ணாடி விரியன் கடித்தது, ரத்தம் உறையாமல் இருந்தது, 20 குப்பி ஏற்றினார்கள்” என்ற இந்த மூன்று தகவலையும் முதலிலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றை அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.